தத்தெடுப்புக்காகக் காத்திருக்கும் ஆண்டுகளில் நீங்கள் எப்படி ஜெபிக்கிறீர்கள்?

மஞ்சக்குப்பம் மகள் (கடலூர்)

இயேசுவின் நாமத்தில் அனைவருக்கும் ஸ்தோத்திரம். நானும் என் கணவரும் ஆற்காடு லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். திருமணமாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அவற்றில் ஆறு ஆண்டுகள் சிகிச்சையிலேயே கழிந்தன. 2022ஆம் ஆண்டின் இறுதியில், நாம் எல்லோரும் ‘காரா’ என்று சொல்லும் மத்தியத் தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்தோம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை, ஆணாயினும் பெண்ணாயினும் சரி என்று குறித்தோம்.

எங்கள் வீடு மாமனார் கட்டியது. கூடத்து உத்தரத்தில் தூளி கட்டுவதற்கென்றே ஓர் இரும்பு வளையம் அடித்திருக்கிறார். என் கணவரும் நாத்தனாரும் அந்தத் தூளியில் கிடந்து வளர்ந்தவர்கள். வீட்டாய்வுக்கு வந்த சமூகப் பணியாளர், “குழந்தை எங்கே தூங்கும்?” என்று கேட்டபோது நான் படுக்கையறையைக் காட்ட எழுந்தேன், என் கணவரோ வாய் திறக்காமல் அந்த வளையத்தை நிமிர்ந்து பார்த்தார். அந்த அம்மாவும் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். அதன்பின் மூன்று கிறிஸ்துமஸ் கடந்துவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் நட்சத்திர விளக்கை அந்த வளையத்தில்தான் கட்டுகிறோம், ஜனவரியில் கழற்றுகிறோம், வளையம் மறுபடியும் வெறுமையாகிறது.

சபையில் எங்களுக்காக ஜெபிக்காதவர்கள் இல்லை. ஆனால் அந்த ஜெபங்களே சில நேரங்களில் எனக்குப் பாரமாகிவிடுகின்றன என்பதை இங்கேதான் சொல்ல முடிகிறது. சென்ற ஆண்டு ஓர் உபவாசக் கூட்டத்தில் ஒருவர் என் தலைமேல் கைவைத்து, “அடுத்த வருஷம் இதே நாளில் உன் மடியில் பிள்ளை இருக்கும்” என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார். கூட்டம் அல்லேலூயா சொன்னது. அந்த நாள் கடந்த மாதம் வந்தது, போனது. அன்று நான் வேலைக்கும் போகவில்லை, ஆலயத்துக்கும் போகவில்லை. சொன்னவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் அன்பினால்தான் சொன்னார். ஆனால் தேவன் சொல்லாத தேதியை அவர் பெயரால் ஒருவர் சொல்லிவிட்டால், அது பொய்யாகும்போது தேவனே வாக்குத் தவறியதுபோல் மனம் கலங்குகிறதே, அந்தக் கலக்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

காத்திருக்கிறவர்களும் காத்திருந்து முடித்தவர்களும் சொல்லுங்கள். இந்த ஆண்டுகளில் நீங்கள் எதை நம்பினீர்கள்? என்னவென்று ஜெபித்தீர்கள்?

நெல்லிக்குப்பம் சகோதரர்

சகோதரிக்கு ஸ்தோத்திரம். உங்கள் வேதனை புரிகிறது. ஆனாலும் மனதில் பட்டதை மறைக்காமல் சொல்கிறேன். சாராளுக்குத் தொண்ணூறு வயதில் பிள்ளை கொடுத்த தேவன் உங்களுக்குக் கொடுக்கமாட்டாரா? அன்னாள் ஆலயத்தில் அழுது ஜெபித்தாள்; கர்த்தர் அவள் கர்ப்பத்தைத் திறந்தார். பதிவு செய்துவிட்டோம் என்று விசுவாசத்தைத் தளர்த்திக்கொண்டீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. தவறாக எண்ண வேண்டாம்.

உப்பளம் சூசை (புதுச்சேரி)

சகோதரர் அவர்களுக்கு மரியாதையோடு பதில் சொல்கிறேன். தத்தெடுப்பது விசுவாசத்தின் தளர்ச்சி என்றால், மரியாளின் பிள்ளையைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்ட சூசையப்பரை நாம் என்னவென்று சொல்வது? “அவருக்கு இயேசு என்று பெயரிடு” என்று வானதூதர் கட்டளையிட்டது அவரிடம்தான் என்று மத்தேயு எழுதுகிறார். பெயரிடுகிறவரே அந்தக் காலச் சட்டப்படி தந்தை. இயேசுவைத் தாவீதின் மகன் என்று அழைக்கும் வம்ச வரிசையும் அந்த நற்செய்தியில் சூசையப்பர் வழியாகத்தான் வருகிறது, இரத்தத்தால் வரவில்லை.

எங்கள் குடும்பம் பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பம். பிள்ளையில்லாத ஒன்பது ஆண்டுகளும் என் அம்மா எங்களைக் கோணான்குப்பம் பெரியநாயகி அன்னையிடம் அழைத்துப் போனார். முகாசாபரூர்ப் பாளையக்காரர் கச்சிராயருக்கு அங்கே வேண்டிப் பிள்ளை பிறந்தது என்று வழிவழியாகச் சொல்லும் வரலாற்றை எங்கள் பக்கத்தில் அறியாதவர் இல்லை. ஒவ்வொரு முறையும் அம்மா அதைச் சொல்லுவார், என் மனைவி தலைகுனிந்து கேட்டுக்கொள்வாள். ஒருநாள் அந்தக் கோவில் வளாகத்தில்தான் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. அந்த ஆலயத்தை எழுப்பிய வீரமாமுனிவர்தான் தேம்பாவணியைப் பாடியவர். 3615 பாடல்கள் கொண்ட அந்தக் காப்பியத்தின் தலைவன் சூசையப்பர். வளன் என்று அழகிய தமிழ்ப் பெயரும் அவருக்கு இட்டார். தமிழுக்கு வந்த இத்தாலியத் துறவி ஒருவர், தான் பெறாத பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்த்த தச்சரைக் காப்பியத் தலைவனாக்கிப் பாடிய மண்ணில் நின்றுகொண்டு, பெற்றால்தான் பிள்ளை என்று நான் எப்படி எண்ணிக்கொண்டிருந்தேன் என்று வெட்கப்பட்டேன். அன்று திரும்பும் பேருந்தில் என் மனைவியிடம் தத்தெடுப்பைப் பற்றி முதன்முதலாகப் பேசினேன். அவள் அதை இரண்டு ஆண்டுகளாக மனதில் வைத்துக்கொண்டு என் வாயிலிருந்து வருவதற்காகக் காத்திருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

எங்கள் மகளுக்கு இப்போது ஆறு வயது. எங்களிடம் வந்தபோது அவளுக்கு நான்கு வயது நிறைந்திருந்தது. மஞ்சக்குப்பம் சகோதரிக்கு ஒரு செய்தி: வயது வரம்பை உயர்த்துவதைப் பற்றி யோசித்துப் பாருங்கள் என்று சொல்வேன், வற்புறுத்தமாட்டேன். கைக்குழந்தைக்குத்தான் வரிசை நீளம். ஆனால் நான்கு வயதுப் பிள்ளை தன் நினைவுகளோடு வரும். முதல் மூன்று மாதம் எங்கள் மகள் செருப்பைக் கழற்றாமல்தான் தூங்கினாள். மறுபடியும் எங்கேயோ கிளம்ப வேண்டியிருக்கும் என்று எண்ணினாள் போலும். ஒருநாள் இரவு தானே கழற்றிக் கட்டிலுக்கடியில் ஜோடியாக வைத்துவிட்டுப் படுத்தாள். நானும் என் மனைவியும் அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டே செபமாலை சொன்னோம்.

முதுநகர் செவிலியர் (பணி ஓய்வு)

மகளே, உன் கேள்வியைப் படித்தேன். நான் முப்பது ஆண்டுகள் பிரசவ வார்டில் வேலை பார்த்தவள். ஏன் இவ்வளவு காலம் ஆகிறது என்று கேட்பவர்களுக்கு, இலாகா தாமதம் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுகிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் முழு உண்மை அதுவன்று.

பிள்ளைக்காகப் பதிவு செய்து காத்திருக்கிறவர்கள் பல ஆயிரம் பேர். சட்டப்படி தத்துக்குரியவர்கள் என்று அறிவிக்கப்படும் குழந்தைகள் மிகக் குறைவு. அந்த அறிவிப்பைக் குழந்தைகள் நலக் குழுதான் செய்ய முடியும். கைவிடப்பட்ட நிலையில் கிடைத்த குழந்தையென்றால் பெற்றோரைத் தேட வேண்டும், செய்தித்தாளில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், காவல்துறை அறிக்கை வர வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இரண்டு மாதமும், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு நான்கு மாதமும் அதற்கான காலம். தாயே வந்து ஒப்படைத்தால், அவள் கையெழுத்துப் போட்ட பிறகும், மனம் மாறித் திரும்ப வந்து வாங்கிக்கொள்ள அறுபது நாள் அவகாசம் உண்டு. அந்த அறுபது நாளும் அந்தக் குழந்தையை யாருக்கும் காட்டமாட்டார்கள்.

வளர்க்க முடியாத பிள்ளையை அரசு வைத்த தொட்டிலில் ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்ற தொட்டில் குழந்தைத் திட்டம் நம் மாவட்டத்துக்கு வந்தது நினைவிருக்கும். 1992இல் சேலத்தில் தொடங்கியது, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு கடலூருக்கும் விரிவாக்கப்பட்டது. பெண்பிள்ளைகளின் எண்ணிக்கை இங்கே அவ்வளவு குறைந்திருந்தது. அந்த நாட்களைப் பற்றி நான் அதிகம் எழுத விரும்பவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு தாய் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு வெளியே போனவள், வாசலிலிருந்து திரும்பி வந்து, “இவன் வலப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்தால்தான் தூங்குவான்” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். எட்டு நாள் பிள்ளை. அந்த எட்டு நாளில் அவள் அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

நெல்லிக்குப்பம் தம்பிக்கு: அன்னாளைப் பாதியில் நிறுத்திவிடாதே. பெற்ற பிள்ளையைப் பால் மறந்ததும் ஆலயத்துக்குக் கொண்டுபோய் ஆசாரியன் ஏலியின் கையில் விட்டவளும் அவளே. வருஷந்தோறும் அவனுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு போனாள் என்று வேதத்தில் இருக்கிறது. காணாத பிள்ளையின் அளவை அவள் எப்படி அறிந்து தைத்தாள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

நெல்லிக்குப்பம் சகோதரர்

அம்மா, உங்கள் பதிவை என் வீட்டில் வாசித்துக் காட்டினேன். அன்னாளின் கதையில் அந்தச் சட்டையை நான் இதுவரை கவனித்ததில்லை. சகோதரியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தத்தெடுப்பை விசுவாசக் குறைவு என்று இனி சொல்லமாட்டேன்.

வில்லியனூரிலிருந்து ஒருவர்

நாங்களும் காத்திருப்போர்தான், பதிவு செய்து இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. எங்களுக்கு நேர்ந்த ஒரு சோதனையை எழுதிவைப்பது மற்றவர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

சில மாதங்களுக்கு முன் தெரிந்தவர் ஒருவர் வழியாக ஓர் அழைப்பு வந்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் திருமணமாகாத பெண் ஒருத்திக்குப் பிரசவம் நெருங்குகிறது, செலவை ஏற்றுக்கொண்டால் குழந்தையை நேரடியாக வாங்கிக்கொள்ளலாம், பிறப்புச் சான்றிதழிலேயே எங்கள் பெயரைப் போட்டுவிடுவார்கள் என்றார்கள். அன்று இரவு நாங்கள் முழங்காலில் நின்றோம். இது கர்த்தர் திறந்த வாசல்தானோ என்று என் மனைவி கேட்டாள். நானும் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆசை மிகுந்திருக்கும்போது எந்த வாசலும் கர்த்தர் திறந்ததாகவே தோன்றுகிறது.

காலையில் பங்குத்தந்தையிடம் போனோம். அவர் உபதேசம் எதுவும் செய்யவில்லை. “அந்தப் பெண்ணை நீங்கள் பார்த்தீர்களா? அவளுக்கு அந்த அறுபது நாள் கிடைக்குமா?” என்று மட்டும் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 80ஆம் பிரிவு, முறையான வழிக்குப் புறம்பாகக் குழந்தையைக் கொடுப்பதையும் வாங்குவதையும் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. 81ஆம் பிரிவு குழந்தையை விற்பதற்கும் வாங்குவதற்கும் அதைவிடக் கடுமையானது. இவையெல்லாம் பிறகு தெரிந்துகொண்டவை. அன்று எங்களைத் தடுத்தது அந்த ஒரு கேள்விதான். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைத்து விஷயத்தைச் சொன்னோம். வீட்டுக்கு வந்து இருவரும் அழுதோம். கைக்கெட்டிய பிள்ளையை நாமே தள்ளிவிட்டோமோ என்ற எண்ணம் இன்னும் முற்றிலும் போகவில்லை.

மஞ்சக்குப்பம் மகள் (கடலூர்)

எல்லோருடைய பதிலையும் பலமுறை வாசித்தேன். நெல்லிக்குப்பம் அண்ணா, மன்னிப்பெல்லாம் வேண்டாம். நீங்கள் சொன்னதை நானே எனக்குப் பல இரவுகள் சொல்லியிருக்கிறேன்.

செவிலியர் அம்மா எழுதிய அறுபது நாளைப் பற்றி நான் அறியாதவள் இல்லை. முதலில் அறிந்தபோது அதை வெறுத்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே இவ்வளவு காத்திருக்கிறோம், இதில் இன்னும் இரண்டு மாதமா என்று எண்ணினேன். சீக்கிரம், சீக்கிரம் என்பதே என் ஜெபமாக இருந்தது. அந்த ஜெபம் ஒரு நாளில் எனக்கு வாயிலேயே நின்றுவிட்டது. எங்கோ ஓர் ஊரில் ஒரு பெண் இப்போது நாற்பதாவது நாளிலோ ஐம்பதாவது நாளிலோ இருப்பாள். அவளும் தேவனிடம் ஏதாவது கேட்டுக்கொண்டிருப்பாள். நான் சீக்கிரம் என்று கேட்பது அவள் திரும்பி வரக்கூடாது என்று கேட்பதாகும் என்பது அந்த இரவில்தான் எனக்கு உறைத்தது.

அதன்பின் எங்கள் குடும்ப ஜெபத்தை மாற்றினோம். அந்தத் தாயால் தன் பிள்ளையை வைத்துக்கொள்ள முடியுமானால், அதற்கு வேண்டிய துணையை அவளுக்குக் கொடும். எங்கள் வரிசை நீண்டாலும் சரி. அவளால் முடியாமற்போனால், அந்தப் பிள்ளையை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து சேரும். முதல் வாக்கியத்தைச் சொல்ல எனக்குப் பல வாரங்கள் ஆயின. என் கணவர் சொல்லுவார், நான் ஆமென் மட்டும் சொல்லுவேன். இப்போது நானும் சொல்கிறேன். மனமார என்று எல்லா நாளும் சொல்ல முடியாது.

எங்கள் வேதாகமத்தில் தத்தெடுப்புக்குப் ‘புத்திரசுவிகாரம்’ என்று ஒரு சொல் உண்டு. சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் பொருள் தெரியாமல் ஒப்பித்த சொல். ரோமர் எட்டாம் அதிகாரத்தில் பவுல் முதலில் நாம் புத்திரசுவிகார ஆவியைப் பெற்றுவிட்டோம் என்கிறார். சில வசனங்கள் கழித்து, அதே புத்திரசுவிகாரம் வருகிறதற்குக் காத்திருந்து நமக்குள்ளே தவிக்கிறோம் என்கிறார். பெற்றாயிற்று என்றும் சொல்கிறார், காத்திருந்து தவிக்கிறோம் என்றும் சொல்கிறார். எனக்கு ஆறுதல் தந்தது அந்தத் தவிப்பு என்ற சொல்தான். ஆவியானவரைப் பெற்றவர்களே தவிக்கிறார்கள் என்றால், என் தவிப்பு விசுவாசக் குறைவு அன்று. அதை அடுத்துத்தான், காணாததை நம்பினால் பொறுமையோடே காத்திருப்போம் என்று வருகிறது. அங்கே தேதி எதுவும் இல்லை. தேதி இல்லாத அந்த நம்பிக்கையை நான் பிடித்துக்கொண்டேன்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகி

இந்த இழையில் எழுதுவதா வேண்டாமா என்று தயங்கினேன். நான் தத்தெடுக்கப்பட்ட பிள்ளை. இப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. என் பெற்றோர் கிறிஸ்தவர்கள். அவர்கள் என்னை வாங்கிய காலத்தில் கிறிஸ்தவர்களுக்குத் தத்தெடுக்கும் சட்டம் கிடையாது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக்கள், பௌத்தர், சமணர், சீக்கியருக்கு மட்டும் உரியது. மற்றவர்கள் 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின்கீழ் காப்பாளராகலாம், அவ்வளவுதான். எங்கள் வீட்டு பீரோவில் இருக்கும் நீதிமன்ற ஆணையில் என் அப்பா என் ‘காப்பாளர்’; அம்மாவும் ‘காப்பாளர்’. சொத்து எனக்கு வர வேண்டும் என்பதற்காக அப்பா உயில் எழுத வேண்டியிருந்தது. அந்த ஆணையை வாசித்தபோது எனக்குப் பதினாறு வயது. அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டி, “நீங்கள் எனக்கு யார்?” என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு, “ஞானஸ்நானப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வா” என்றார். போய்ப் பார்த்தேன். தகப்பன் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. நாடு கொடுக்காத சொல்லைச் சபை கொடுத்திருந்தது.

பிறகு இளைஞர் நீதிச் சட்டம் எல்லா மதத்தினருக்கும் அந்த வழியைத் திறந்தது. விரும்பும் எவரும் அந்தச் சட்டத்தின்கீழ் தத்தெடுக்கலாம், மதம் தடையன்று என்பதை 2014இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. 2022 செப்டம்பரிலிருந்து நீதிமன்றத்துக்குக்கூடப் போக வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியரே தத்தெடுப்பு ஆணை வழங்குகிறார். மஞ்சக்குப்பம் அக்கா, உங்கள் பிள்ளையின் ஆணையில் நீங்கள் ‘தாய்’ என்றே இருப்பீர்கள். இது எவ்வளவு பெரிய காரியம் என்பது பீரோவில் வேறு சொல் உள்ள காகிதத்தை வைத்திருக்கிற எனக்குத் தெரியும்.

ஒரு வேண்டுகோள். பிள்ளை வந்த பிறகு, அநாதைக்கு வாழ்வு கொடுத்த புண்ணியவதி என்று யாராவது பேசினால் அங்கேயே நிறுத்துங்கள். நான் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள். நன்றிக்கடன் பட்டவளாக ஒரு பிள்ளை மேசையில் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது. இன்னொன்று: என்னைப் பெற்றவளுக்காக யாராவது ஜெபித்தார்களா என்று நான் எப்போதும் நினைத்ததுண்டு. உங்கள் பதிவை வாசித்தபின் அம்மாவுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். “உன் ஒவ்வொரு பிறந்தநாளிலும்” என்றார். முப்பத்தைந்து வருஷத்தில் நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

உப்பளம் சூசை (புதுச்சேரி)

சகோதரி, உங்களுக்கு நன்றி. இன்றிரவு எங்கள் செபத்தில் என் மகளைப் பெற்ற தாயைச் சேர்த்துக்கொண்டோம். இத்தனை நாள் விட்டுப்போனதற்காக வருந்துகிறேன்.

நடைமுறைச் செய்தி ஒன்று, காத்திருப்போர் எல்லோருக்கும்: குழந்தையின் விவரம் வரும் நாளில் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் ஏற்பைப் பதிவு செய்ய வேண்டும். புகைப்படமும் மருத்துவப் பரிசோதனை அறிக்கையும் குழந்தையைப் பற்றிய ஆய்வறிக்கையும் வரும். நம்பிக்கையான குழந்தை மருத்துவர் ஒருவரிடம் இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நாளில் யாரைத் தேடுவது என்று அலையக்கூடாது. மருத்துவரிடம் கேட்பது விசுவாசக் குறைவு என்று யாரும் எண்ண வேண்டாம்.

முதுநகர் செவிலியர் (பணி ஓய்வு)

வில்லியனூர் தம்பி, நீங்கள் அந்தப் பிள்ளையைத் தள்ளிவிடவில்லை. தாய்க்கும் பிள்ளைக்கும் சட்டம் தரும் பாதுகாப்புக்குள் இருவரையும் கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள். மனம் உறுத்தும்போதெல்லாம் இதை எடுத்து வாசித்துக்கொள்ளுங்கள். மனைவிக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

மஞ்சக்குப்பம் மகள் (கடலூர்)

திருப்பாதிரிப்புலியூர் தங்கை, உன் பதிவை என் கணவரிடம் உரக்க வாசிக்கத் தொடங்கி முடிக்க முடியாமல் அவரிடமே கொடுத்துவிட்டேன். அவர் வாசித்துவிட்டு, “அந்த அப்பாவுக்கு ஸ்தோத்திரம் சொல்லச் சொல்” என்றார்.

எங்கள் வீட்டாய்வு அறிக்கை மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அது முடியப்போவதால் மறுபடியும் ஆய்வு செய்ய வேண்டும். வரும் செவ்வாய்க்கிழமை சமூகப் பணியாளர் வருகிறார். சம்பளச் சான்று, மருத்துவச் சான்று எல்லாம் மீண்டும் எடுத்தாயிற்று. சூசை அண்ணா சொன்னபடி குழந்தை மருத்துவரையும் பார்த்துவிட்டு வந்தோம். வயது வரம்பை நான்கு வரை உயர்த்துவதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டிருக்கிறோம். இன்னும் முடிவு செய்யவில்லை.

நேற்று மாமியாரின் பழைய நூல் சேலை ஒன்றை அலசிக் காயவைத்தேன். தூளி கட்ட அதுதான் மெத்தென்று இருக்கும் என்று அவர் உயிரோடு இருந்தபோது எடுத்துவைத்தது. என் கணவர் ஏணி போட்டு ஏறி, வளையத்தைத் துடைத்து எண்ணெய் விட்டு, இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய காத்திருப்புக் காலமான அட்வெந்து தொடங்குகிறது. நட்சத்திரத்தை இந்த ஆண்டு வாசலில் கட்டப்போகிறோம்.